ஊரெல்லாம் போட்டுக்கொண்ட வரி

என் மருமகள் அடுத்தவர்களுக்கு ரெஸ்யூம் எழுதிக் கொடுப்பவள். சாஃப்ட்வேர் வேலைக்கு அலைகிறவர்கள்தான் அவளிடம் வருவார்கள். பெரிய சாலையில் ஒரு ஜெராக்ஸ் கடை. அதற்கு நேர் எதிரே, மாடியில், கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிற இடம். படியிறங்கிச் சாலையைத் தாண்டினால் இவளுடைய மேஜை. முழு மேஜை என்று சொல்ல முடியாது, பாதிதான். மறுபாதியில் லேமினேஷன் மெஷின். அது சூடேறினால் ஒரு நாற்றம் கிளம்பும். சாயங்காலம் வீட்டுக்குள் முதலில் அந்த நாற்றம் வரும், பிறகுதான் அவள் வருவாள்.

என் காலுக்குப் பயிற்சி கொடுக்கிற இடமும் ஜெராக்ஸ் கடை இருக்கிற அதே கட்டடத்தில்தான். வாரத்தில் இரண்டு நாள் பயிற்சி முடிந்ததும் அவள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். ஆகையால் நான் சொல்வதில் பாதி கண்ணால் பார்த்தது, மீதி காதால் கேட்டது. படித்தது எதுவும் இல்லை, எனக்கு எழுத்து தெரியாது.

வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்கள்.

"நான் நல்ல டீம் பிளேயர், மேடம்."

"விளையாட்டு இருக்கட்டும். வேலை என்ன பாத்தீங்க?"

"ஒரு பெரிய பிராஜெக்ட்ல இருந்தேன்."

"இருந்தீங்க, சரி. நாற்காலி கூடத்தான் அங்க இருந்துச்சு. நீங்க என்ன செஞ்சீங்க?"

அதோடு இவள் விடமாட்டாள். எதைச் செய்தாய், எதை வைத்துச் செய்தாய், செய்ததனால் என்ன மாறியது, எவ்வளவு மாறியது என்று பிடுங்கிப் பிடுங்கிக் கேட்பாள். எல்லாவற்றுக்கும் ஒரு எண் வேண்டும் அவளுக்கு. ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது, போட்டோ வேண்டாம், அப்பா பெயர் வேண்டாம், 'கடின உழைப்பாளி' என்ற சொல் கூடவே கூடாது. "கழுதை கூட கடின உழைப்பாளிதான். அதுக்கு யாரும் ஆஃபர் லெட்டர் குடுக்கல" என்பாள். கம்பெனி விளம்பரத்தில் என்னென்ன வார்த்தை இருக்கிறதோ அந்த வார்த்தை, செய்திருந்தால், ரெஸ்யூமிலும் இருக்க வேண்டும். ஏனென்றால் முதலில் அதைப் படிப்பது மனுஷன் இல்லையாம், மெஷினாம். மெஷின் தேறவிட்டதைத்தான் மனுஷன் தொடுவானாம்.

இதெல்லாம் ஊரில் பத்துப் பேர் சொல்லக்கூடியது. இவளிடம் மட்டும் இருந்த வழக்கம் ஒன்று உண்டு. அன்றைக்கு எழுதியதையெல்லாம் சாயங்காலம் வீட்டில் என்னிடம் தமிழில் சொல்லிக் காட்டுவாள். நான் காய் நறுக்கிக்கொண்டே கேட்பேன்.

"இங்கிலீஷ்ல எழுதினா பொய்கூடப் பளபளன்னு இருக்கும், அத்தை. தமிழ்ல சொல்லிப் பாத்தாதான் இளிக்கும். எங்க இளிக்குதுன்னு மட்டும் சொல்லுங்க."

நான் சொல்வேன். "இந்தப் பொண்ணு தனி ஆளா முப்பது பேர் வேலைய மாத்தி அமைச்சேங்குறா. வயசு என்ன?" இருபத்தொன்று என்பாள். "இளிக்குது." அவள் மறுநாள் போய் அந்தப் பெண்ணைக் கேட்டால், முப்பது பேரின் பெயரை ஒரு அட்டவணையில் ஏற்றியிருப்பாள், அவ்வளவுதான். அதைத்தான் இவள் திருத்தி எழுதுவாள். என் மகன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். கையில் கிரீஸோடு நின்று கேட்டுவிட்டு, "எனக்கெல்லாம் ரெஸ்யூம் ஒரே வரிதான். ஏறும், இறங்கும்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போவான்.

அப்படி நான் கேட்ட வரிகளிலேயே எனக்கு மனப்பாடமாகிப்போனது ஒரே ஒரு வரி. அது எந்த வாடிக்கையாளருடையதும் அல்ல. அவளுடையது.

கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாக எட்டு வருடம் அவள் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தாள். ஆஸ்பத்திரிகளில் ரத்தம் எடுத்துச் சோதிக்கிறார்களே, அந்த முடிவை டாக்டரின் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை. முன்பு அதைக் கட்டில் நம்பரை வைத்து அனுப்பிக்கொண்டிருந்தார்களாம். ஏழாம் கட்டில்காரருக்கு ரத்தம் எடுத்துவிட்டு, முடிவு வருவதற்குள் அவரை வேறு வார்டுக்கு மாற்றிவிட்டால், ஏழாம் கட்டிலுக்குப் புதிதாக வந்தவரின் தலையில் அந்த முடிவு விழும். சர்க்கரை இல்லாதவனுக்குச் சர்க்கரை. இவள் கட்டிலையே கணக்கில் எடுக்காமல், ரத்தக் குழாயில் ஒட்டிய நம்பரும் நோயாளி கையில் கட்டிய பட்டையின் நம்பரும் ஒத்துப்போனால்தான் முடிவு திறக்கும், இல்லாவிட்டால் நின்றுவிட்டு நர்ஸைக் கூப்பிடும் என்று மாற்றி எழுதினாள். அதுதான் அந்த வரி: நாலு ஆஸ்பத்திரி, ஒரு நாளைக்குப் பதினோராயிரம் முடிவு, பதினாலு மாதம், ஒன்றுகூட ஆள் மாறவில்லை.

தமிழில் எத்தனை முறை சொன்னாலும் அது இளிக்காது.

பிறகு நான் குளியலறையில் விழுந்தேன். தொடை எலும்பு இரண்டாகிப்போனது. கம்பி வைத்தார்கள், சீழ் பிடித்தது, எடுத்தார்கள், மறுபடி வைத்தார்கள். மூன்று மாத லீவு கேட்டாள், கொடுத்தார்கள். அதற்கு மேல் கேட்டாள், ராஜினாமா கடிதத்துக்கு மாதிரி அனுப்பினார்கள். ஒன்றரை வருடம் நான் படுக்கை. அதற்குப் பிறகும் காலையிலும் மாலையிலும் என்னைத் தூக்கி நிறுத்த ஆள் வேண்டும். பாதி நாள் என்றால் அவளால் போக முடியும். சாஃப்ட்வேரில் பாதி நாள் வேலை இல்லை, ஜெராக்ஸ் கடையில் பாதி மேஜை இருந்தது. அப்படித்தான் அங்கே போய் உட்கார்ந்தாள். அவள் ரெஸ்யூமில் ஒரு பள்ளம் இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்களே, அந்தப் பள்ளத்தில் கிடந்தது நான்தான்.

கடைக்குப் போன முதல் மாதம் ஒருவர் வந்தார். ஒரு ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறையில் இருந்தவர். வேலை போய் ஐந்து மாதம். மனைவிக்கு நிறைமாதம். இவள் வழக்கம்போலக் கேட்டாள்: நீங்க என்ன செஞ்சீங்க?

"பிரிண்டருக்கு மை மாத்துவேன், அக்கா. பாஸ்வேர்ட் மறந்தா புதுசு போட்டுக் குடுப்பேன்."

ஒரு வரி எப்படி இருக்க வேண்டும் என்று காட்டத் தன் ரெஸ்யூமைத் திறந்து காட்டினாள். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதையே போட்டுடுங்களேன், அக்கா. நானும் ஆஸ்பத்திரிதானே."

"இது நான் செஞ்சது."

"உங்களுக்கு இப்ப இது சும்மாதானே கெடக்கு."

கடைக்காரர் மெஷினுக்குப் பின்னாலிருந்து, "போட்டுக் குடும்மா, புள்ளத்தாச்சி வீட்டுக்காரன். புண்ணியமாப் போகும்" என்றார்.

அவள் போட்டுக் கொடுத்தாள். அதை நான் மறைக்கப்போவதில்லை. யாரும் திருடிக்கொண்டு போகவில்லை, அவளே எடுத்துக் கொடுத்தாள். கொடுத்தது மட்டுமா? இன்டர்வியூவில் கேட்டால் முழிக்கக்கூடாதே என்று குழாய், பட்டை, கட்டில் என்று படம் போட்டு மூன்று நாள் அவருக்குச் சொல்லிக்கொடுத்தாள். அவர் திருப்பிச் சொல்லச் சொல்ல நான் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டேன். அந்த வரியைப் போட்டுக் கொடுத்த அன்றைக்குச் சாயங்காலம் மட்டும் வீட்டில் அவள் எதையும் சொல்லிக் காட்டவில்லை.

அவருக்கு வேலை கிடைத்தது. பெரிய இனிப்புப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, "சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன், அக்கா" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவருக்கு இனிப்புக்காரர் என்று பெயர்.

அந்த ஃபைல் கடையின் கம்ப்யூட்டரிலேயே தங்கிவிட்டது. இவள் இல்லாத நேரத்தில் யாராவது வந்தால் கடைக்காரர் அதைத் திறந்து, பெயரை மாற்றி, அச்சடித்துக் கொடுக்க ஆரம்பித்தார். 'அந்த ஆஸ்பத்திரி வரி' என்றே எதிர்மாடியில் அதற்குப் பெயர் வந்துவிட்டது. தெரிந்தபோது இவள் சண்டை போட்டாள். "ஒரு வரிதானேம்மா, தேய்ஞ்சா போயிடும்?" என்றார் அவர். ஒரு வாரம் கடைக்குப் போகாமல் இருந்தாள். பிறகு போனாள். வேறு மேஜை யார் வைத்திருக்கிறார்கள்?

இந்த வருடம்தான் அவள் காத்திருந்தது வந்தது. இனிப்புக்காரர் சேர்ந்த அதே கம்பெனி, வீட்டுக் காரணத்துக்காக வேலையை விட்ட பெண்களைத் திரும்ப எடுக்கப்போவதாக விளம்பரம் போட்டது. ஆஸ்பத்திரி முடிவுகளை அனுப்புகிற வேலையேதான். ஒரு நிபந்தனை, இடைவெளி ஐந்து வருடத்துக்கு மேல் இருக்கக்கூடாது. இவளுக்கு ஐந்து வருடம் முடிய இரண்டு மாதம் இருந்தது. இதை விட்டால் அடுத்த வருடம் அவளை அந்த வாசலில்கூட விடமாட்டார்கள். மற்ற கம்பெனிகள் இடைவெளி என்ற சொல்லைக் கேட்டதுமே போனை வைத்துவிடுகிறவை.

"நம்ம இனிப்புக்காரர் அங்கதானே இருக்கார்? ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா?" என்றேன்.

"டீம் லீடராம் இப்போ. கேட்டேன். கண்டிப்பா அக்கான்னு பதில் போட்டிருக்கார்."

முந்நூறு பேருக்கு எழுதியவள், தனக்கு எழுத உட்கார்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஓடவில்லை. தட்டுவாள், அழிப்பாள். என் மகன் டீ போட்டு வைத்தான், ஆடை கட்டியது.

"அஞ்சு வருஷத்த என்னன்னு எழுதுறது, அத்தை?"

"மாமியாரப் பாத்துக்கிட்டேன்னு எழுது."

"தூக்கிப் போட்டுடுவாங்க."

"நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வச்ச. ஒரு நாளைக்கு ஆறு தடவை. ஒன்றரை வருஷம். முதுகுல ஒரு புண்ணு வரல. எண்ணு வேணும், எண்ணு வேணும்னு ஊர உலுக்குறியே, இதுல எண்ணு இல்லையா?"

அவள் சிரித்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கடைசியில் 'குடும்பப் பராமரிப்பு, முழு நேரம்' என்று நாலு வார்த்தை போட்டாள். கடையில் பார்த்த வேலையைப் போடவில்லை. ஏன் என்று கேட்டேன். "ரெஸ்யூம் எழுதிக் குடுத்தேன்னு ரெஸ்யூம்லயே எழுதினா, அப்ப இதுவும் நீங்க ஜோடிச்சதுதானேன்னு கேப்பாங்க."

அப்புறம் அந்த வரி வந்தது. அதை எடுத்துவிடலாமா என்று யோசித்தாள்.

"இது நெறைய பேர்கிட்ட போயிருச்சு, அத்தை. பயமா இருக்கு. இத விட்டுட்டு மத்தத வச்சு ஒப்பேத்திடலாம்."

"உன் வரிய நீ போடாம வேற யாரு போடுவா?"

"எல்லாரும் போட்டுட்டாங்களே."

"அதனால? அவங்க போட்டா அவங்களுது ஆயிடுமா? போடு."

அவள் வேண்டாம் என்றாள், நான் போடு என்றேன். சாப்பிடக் கூப்பிட்டபோது, அந்த வரியைப் போட்டால்தான் தட்டில் கை வைப்பேன் என்றும் சொன்னேன். இந்த வயதிலும் எனக்குப் பிடிவாதம் என்றால் பிடிவாதம்தான். அவள் போட்டாள்.

ரெஸ்யூம் படிக்கிற மெஷின் தேறவிட்டது. இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். என் மகன் அரை நாள் லீவு போட்டு வண்டியில் கொண்டுபோய் விட்டான். நாலு மணிக்குத் திரும்பி வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவளாகத்தான் சொன்னாள்.

அறையில் இரண்டு பேர். ஆள் எடுக்கிற அதிகாரி அம்மா ஒருத்தி, பக்கத்தில் இனிப்புக்காரர். இவள் உள்ளே போனதும் அவர் தெரியாதவரைப் பார்ப்பதுபோல வணக்கம் சொன்னாராம். சரி, வேலை நடக்கிற இடம், அப்படித்தான் இருக்க வேண்டும் போல என்று இவளும் நினைத்துக்கொண்டாள்.

அதிகாரி அம்மா அந்த வரியில் விரலை வைத்தாள்.

"இது எங்களுக்குப் புதுசு இல்லைங்க. இந்த வருஷம் மட்டும் ஏழு பேர் இதே வரியோட வந்துட்டாங்க. சிலர் எண்ண மாத்தியிருந்தாங்க, சிலர் அதுகூட மாத்தல."

"அது என்னோடதுங்க. நான் செஞ்சது."

"ஏழு பேரும் அதத்தான் சொன்னாங்க."

பழைய கம்பெனியில் கேட்டுப் பாருங்கள் என்றாளாம். அந்தக் கம்பெனியை விற்று மூன்று வருடமாகிறது. வாங்கியவர்களிடம் இவள் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும்தான் இருக்கிறது. என்ன செய்தாள் என்பது எந்த ஏட்டிலும் இல்லை. அப்போது அதிகாரி அம்மா இனிப்புக்காரரிடம் திரும்பி, "நீங்களும் ஆஸ்பத்திரி பக்கம் வேல பாத்தவர்தானே. கேட்டுப் பாருங்களேன். செஞ்சவங்களா, இல்லையான்னு உங்களுக்குத் தெரியுமே" என்றாள்.

அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டே, "அந்தச் சோதனை எப்படி வேலை செய்யும்னு விளக்குங்க" என்றார்.

இவள் எழுந்து பலகையில் படம் போட்டாள். குழாய், பட்டை, கட்டில். நம்பர் எங்கே ஒத்துப்பார்க்கும், எங்கே நிற்கும், மின்சாரம் போய் வந்தால் என்ன ஆகும், நர்ஸ் இரண்டு குழாயை மாற்றி ஒட்டிவிட்டால் எப்படிப் பிடிக்கும், எல்லாம் பத்து நிமிடம் சொன்னாள். மூன்று வருடத்துக்கு முன்பு லேமினேஷன் மெஷின் பக்கத்தில் அவருக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தாளோ, அதே வரிசையில்.

அவர் கேட்டு முடித்துவிட்டு அதிகாரி அம்மாவைப் பார்த்துச் சொன்னாராம்: "நல்லா மனப்பாடம் பண்ணியிருக்காங்க."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "நீ வாயில என்ன வச்சிருந்த? உன் ஃபைல எடுத்துப் பாருய்யா, அதுல இருக்குறது யாரோட வரின்னு கேக்கவேண்டியதுதானே?"

"கேட்டா?"

"கேட்டா அவர் மூஞ்சி கிழிஞ்சிருக்கும்."

"கிழிஞ்சிருக்கும். அப்ப அவருக்கு யார் எழுதிக் குடுத்தான்னு அடுத்த கேள்வி வரும். நான்தான்னு சொல்லணும். பொய் ரெஸ்யூம் எழுதிக் குடுத்தவள எந்தக் கம்பெனி எடுக்கும்? அவருக்கும் வேலை போகும், எனக்கும் வராது." செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அவர் பொண்ணுக்கு மூணு வயசு இருக்கும் இப்போ" என்றாள்.

பத்தாம் நாள் கடிதம் வந்தது. கொடுத்த தகவல் உண்மைதானா என்று உறுதிப்படுத்த முடியவில்லையாம், ஆகையால் எடுக்க இயலாதாம். அதையும் எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டினாள். நான் அந்தக் கம்பெனிக்குப் போகிறேன் என்று கிளம்பினேன். என் தொடையில் இருக்கிற கம்பியையும் தழும்பையும் அவர்கள் மேஜைமேல் வைத்துக் காட்டுகிறேன், இதுதான் அந்த ஐந்து வருடம், இதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்கிறேன் என்றேன். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வாசல்வரைக்கும் போய்விட்டேன். என் மகன் குறுக்கே நின்றான். "அம்மா, அவங்க சந்தேகப்படுறது அஞ்சு வருஷத்த இல்ல. அதுக்கு முன்னாடி எட்டு வருஷத்த" என்றான். அதற்கு என்னிடம் காட்ட எதுவும் இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

போடு, போடு என்று தட்டைத் தள்ளி வைத்து அவளைப் போட வைத்தது நான். அவள் சொன்னபடி விட்டிருந்தால், மற்றதை வைத்து ஒப்பேற்றியிருப்பாளோ என்னவோ. இதை அவளிடம் சொன்னேன். "விடுங்க அத்தை" என்றாள். அவள் அப்படிச் சொல்லாமல் கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

இரண்டு மாதம் முடிந்தது. ஐந்து வருடம் நிறைந்த அன்றைக்கும் கடைக்குப் போனாள். வந்தாள், நாற்றம் முன்னால் வந்தது. நான் காயை எடுத்து வைத்துக்கொண்டேன்.

"இன்னைக்கு எத்தன பேரு?"

"மூணு."

"சொல்லு."

"வேண்டாம் அத்தை, அலுப்பா இருக்கு."

"என் காது சும்மாதானே இருக்கு. சொல்லு."

முதல் இரண்டையும் சொன்னாள். ஒன்றில் லேசாக இளித்தது, சொன்னேன், குறித்துக்கொண்டாள். மூன்றாவது ஆள் ஆறு இடத்தில் தோற்றவன், எதிர்மாடியில் கேள்விப்பட்டு நேராக வந்திருக்கிறான். வந்ததும் கேட்டது, "அந்த ஆஸ்பத்திரி வரி இருக்காமே?" அதைப் போட்டவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள், வேண்டாம் என்று இவள் சொல்லியிருக்கிறாள். தான் வேறு கம்பெனிக்குத்தான் போகிறேன் என்று அவன் கெஞ்சியிருக்கிறான். கடைக்காரர் மெஷினுக்குப் பின்னாலிருந்து எட்டிப்பார்த்திருக்கிறார்.

"குடுத்தியா?"

"என்கிட்ட வச்சு என்ன பண்ண, அத்தை?"

பிறகு சொல்லிக் காட்டினாள். ஐந்து ஆஸ்பத்திரி, ஒரு நாளைக்குப் பதிமூவாயிரம் முடிவு, இரண்டு வருடம், ஒன்றுகூட ஆள் மாறவில்லை.

நான் கத்தியை நிறுத்திவிட்டேன்.

"எங்கயாவது இளிக்குதா?" என்றாள்.

எப்படித் திருப்பிப் பார்த்தாலும் இளிக்கவில்லை. நல்ல வரி. ஆள்தான் மாறியிருந்தது.

"இல்ல. நல்லா இருக்கு" என்றேன். அவள் மடிக்கணினியை மூடிவிட்டு எழுந்து, என் காலைத் தூக்கித் தலையணைமேல் வைத்தாள்.